வாந்தியை நிறுத்தும் மாத்திரை: ஒன்டான்செட்ரானின் பயனும் பக்கவிளைவும்

ஒன்டான்செட்ரான், குமட்டலையும் வாந்தியையும் தடுக்க மருத்துவர் சீட்டின் பேரில் தரப்படும் மருந்து. 4 மி.கி., 8 மி.கி. மாத்திரைகளாகவும், நாக்கில் வைத்ததும் கரையும் மாத்திரையாகவும், குழந்தைகளுக்கான சிரப்பாகவும், ஊசியாகவும் கிடைக்கிறது. எமசெட், ஒன்டெம், வோமிகைண்ட் என்ற வணிகப் பெயர்களில் ஏதேனும் ஒன்று தமிழ்நாட்டின் எந்த மருந்துக்கடையிலும் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் இந்திய அரசின் பட்டியலிலும் இதற்கு இடம் உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் வாந்திக்காக முதலில் அனுமதி பெற்ற இந்த மருந்தை இன்று பேதி, காய்ச்சல், மசக்கை, பஸ் பயணம் என்று எதற்கும் கேட்டு வாங்குகிறார்கள். இவற்றில் சிலவற்றுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. சிலவற்றுக்குச் செய்வதே இல்லை. காரணம், வாந்தி ஒன்றானாலும் அது உடலில் கிளம்பும் வழிகள் பல. மருந்து அவற்றுள் ஒரு வழியைத்தான் அடைக்கிறது. அடைக்கப்படும் அதே வழி உடலில் வேறு எங்கெல்லாம் பயன்படுகிறதோ, பக்கவிளைவு அங்கிருந்து வருகிறது.

அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குத் தெற்கே, பெசன்ட் நகர்க் கடற்கரையின் வடகோடியில் இருக்கிறது மீனவர் குடியிருப்பான ஊரூர் ஒல்காட் குப்பம். அங்கிருந்து விடியுமுன் ஃபைபர் படகுகள் அலையைத் தாண்டிப் போகின்றன. பழக்கமில்லாத ஒருவர் அதில் ஏறினால், கரை பின்னால் போகும்போதே வயிறு பிரட்டத் தொடங்கிவிடும். அங்கிருந்து மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி, காந்தி நகரிலும் சர்தார் பட்டேல் சாலையிலும், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அங்கே கீமோ ஏற்றிக்கொண்டவருக்கும் வயிறு பிரட்டும். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே ஓங்கரிப்பு, ஒரே வாந்தி. ஆனால் கீமோ நோயாளியைக் காப்பாற்றும் ஒன்டான்செட்ரான் படகில் ஏறியவருக்கு உதவாது. படகில் ஏறியவருக்கு உதவும் மாத்திரை கீமோ நோயாளிக்குப் போதாது.

வாந்தி கிளம்பும் வழிகள்

மூளையின் அடித்தண்டில் உள்ள முகுளத்தில் வாந்தியை நடத்தும் நரம்புக் கூட்டம் இருக்கிறது. மூச்சை நிறுத்துவது, வயிற்றுத் தசைகளை இறுக்குவது, உணவுக்குழாயின் வாயைத் திறப்பது, வாயில் எச்சில் ஊற வைப்பது எல்லாவற்றையும் வரிசைப்படி நடத்துவது அதுதான். அதற்குத் தகவல் நான்கு பக்கமிருந்து வருகிறது.

முதலாவது குடல். உடலில் உள்ள செரடோனின் என்ற செய்திப்பொருளில் 90 சதவீதத்துக்கும் மேல் மூளையில் இல்லை, குடலில்தான் இருக்கிறது. குடலின் உட்சுவரில் ஆங்காங்கே இருக்கும் சில செல்கள் அதைத் தேக்கி வைத்திருக்கின்றன. நஞ்சோ கிருமியோ கீமோ மருந்தோ அந்தச் செல்களைத் தாக்கினால் செரடோனின் கொட்டுகிறது; பக்கத்தில் இருக்கும் வேகஸ் நரம்பின் நுனியில் உள்ள 5-எச்டி3 என்ற ஏற்பியில் போய் ஒட்டுகிறது; நரம்பு முகுளத்துக்குச் செய்தி அனுப்புகிறது. இரண்டாவது வழி இரத்தம். முகுளத்தின் மேற்பரப்பில் ஒரு சிறு பகுதிக்கு மட்டும், மூளையின் மற்ற இடங்களைக் காக்கும் இரத்தத் தடுப்பு இல்லை. இரத்தத்தில் வேண்டாத பொருள் ஏதும் ஓடுகிறதா என்று அது வேவு பார்க்கிறது. அங்கே செரடோனினோடு டோபமின் என்ற செய்திப்பொருளும் முக்கியம். மூன்றாவது உட்காது. படகிலும் மலைப்பாதைப் பஸ்ஸிலும் கண் சொல்வதும் காது சொல்வதும் ஒத்துப்போகாதபோது கிளம்பும் குமட்டல் ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் ஆகியவற்றின் வழியாகப் போகிறது. செரடோனினுக்கு அதில் பெரிய பங்கு இல்லை. நான்காவது, மூளையின் மேற்பகுதி: நாற்றம், பயம், அருவருப்பு, நினைவு.

இந்த நான்காவது வழிக்குப் புற்றுநோய் மருத்துவத்தில் தனி இடம் உண்டு. முதல் இரண்டு மூன்று சுற்றுக் கீமோவில் கடுமையாக வாந்தி எடுத்தவர்களில் சிலருக்கு, அடுத்த சுற்றுக்கு வரும்போது மருத்துவமனைத் தெரு கண்ணில் பட்டதுமே குமட்டல் வந்துவிடும். மருந்து இன்னும் உடலில் ஏறியிருக்காது. குடலில் செரடோனின் கொட்டியிராத இந்த வாந்திக்கு ஒன்டான்செட்ரான் பயன்படாது. பதற்றத்தைக் குறைக்கும் மருந்தும் மனப்பயிற்சியும் ஓரளவு உதவும். இதற்கு நல்ல மருத்துவம், முதல் சுற்றிலேயே வாந்தி வராமல் பார்த்துக்கொள்வதுதான்.

மருந்து வருமுன்

மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது அடையாறு மருத்துவமனை. முத்துலட்சுமியின் மகன் கிருஷ்ணமூர்த்தியும் 1955இல் சேர்ந்த மருத்துவர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். அறுவையும், நோயாளிகள் பேச்சில் ‘கரண்ட் வைப்பது’ எனப்படும் கதிர்வீச்சும் முதன்மையாக இருந்த காலம் அது. பிறகு மருந்துகள் ஒவ்வொன்றாக வந்தன. அமெரிக்காவில் 1978இல் அனுமதி பெற்ற சிஸ்பிளாட்டின் அவற்றுள் மிக வலுவானது. வாந்தியிலும் அதுதான் முதல். தடுப்பு மருந்து இல்லாமல் ஏற்றினால் 10 பேரில் 9 பேருக்கு மேல் வாந்தி எடுப்பார்கள். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு 1980களில் சென்னை, மும்பை, டெல்லி மருத்துவமனைகள் சேர்ந்து கையாண்ட எம்சிபி 841 என்ற பலமருந்து முறையும் ஒன்டான்செட்ரான் வருவதற்கு முந்தையதே.

வாந்தி அப்போது சிறு தொல்லையாக எண்ணக்கூடியதாக இருக்கவில்லை. 1983இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஓர் ஆய்வில், கீமோவில் எது அதிகம் வதைக்கிறது என்று நோயாளிகளைக் கேட்டபோது வாந்திக்கு முதலிடமும் குமட்டலுக்கு இரண்டாம் இடமும் முடி கொட்டுவதற்கு மூன்றாம் இடமும் கிடைத்தன. சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவர்கள் எல்லா நாட்டிலும் இருந்தார்கள். நோயைக் குணப்படுத்தும் மருந்து கையில் இருந்தும், அதைத் தாங்க முடியாமல் நோயாளி எழுந்து போய்விடுவது மருத்துவத்தில் கொடுமையான தோல்வி.

அன்றைக்குக் கையில் இருந்த மருந்து மெட்டோகுளோப்ரமைடு, நம் கடைகளில் பெரினார்ம் என்று கிடைப்பது. வழக்கமான அளவில் அது சிஸ்பிளாட்டினுக்கு ஈடுகொடுக்கவில்லை. 1981இல் அமெரிக்க மருத்துவர் கிராலாவும் குழுவினரும் அதை மிக அதிக அளவில் கொடுத்துப் பார்த்தார்கள், வாந்தி குறைந்தது. கூடவே கழுத்து திருகிக்கொள்வது, கண் மேலே செருகுவது போன்ற தொல்லைகளும் வந்தன. அந்த மருந்து டோபமினைத் தடுப்பது என்று ஏற்கெனவே தெரியும். ஆனால் டோபமினைத் தடுக்கும் மற்ற மருந்துகள் எவ்வளவு கொடுத்தாலும் சிஸ்பிளாட்டின் வாந்தியை இப்படி நிறுத்தவில்லையே என்ற கேள்வி எழுந்தது. விடை, அதிக அளவில் மெட்டோகுளோப்ரமைடு 5-எச்டி3 ஏற்பியையும் அடைக்கிறது என்பது. வாந்தியை நிறுத்தியது அந்த இரண்டாவது வேலை. கழுத்தைத் திருகியது முதல் வேலை. அப்படியானால் இரண்டாவதை மட்டும் செய்யும் மருந்து ஒன்று வேண்டும்.

எலிக்கு வாந்தி எடுக்கத் தெரியாது என்பதால் சோதனைக்கு அது உதவவில்லை. கீரியைப் போன்ற உருவமுள்ள ஃபெரட் என்ற விலங்கு சிஸ்பிளாட்டினுக்கு மனிதரைப் போலவே வாந்தி எடுக்கிறது. 1980களின் நடுவில் பிரிட்டனில் நடந்த சோதனைகளில், 5-எச்டி3 ஏற்பியை அடைத்ததும் ஃபெரட்டுகளின் வாந்தி சட்டென்று நின்றது. கிளாக்ஸோ நிறுவனம் உருவாக்கிய ஒன்டான்செட்ரான், சோஃப்ரான் என்ற பெயரில் 1991 ஜனவரியில் அமெரிக்க அனுமதி பெற்றது. காப்புரிமை முடிந்த பிறகு பல நாடுகளில் விலை சரிந்தது. இந்தியாவில் ஒரு மாத்திரை சில ரூபாய்க்குள் அடங்குகிறது.

கீமோ நாளில்

சென்னைப் பெருநகரின் புற்றுநோய்ப் பதிவேட்டை அடையாறு மருத்துவமனை 1981 முதல் நடத்தி வருகிறது. சென்னைப் பெண்களிடம் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த கருப்பைவாய்ப் புற்றுநோயை மார்பகப் புற்றுநோய் முந்திவிட்டதை அது காட்டியது. வாந்தியைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோடு சேர்த்துச் சிஸ்பிளாட்டின் தரப்படுகிறது. மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமாகத் தரும் டாக்சோரூபிசின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு கூட்டும் மிக அதிகம் வாந்தி வரவழைக்கும் வகையில் வைக்கப்பட்டிருக்கிறது. இளம் வயதுப் பெண், மது அருந்தும் பழக்கம் இல்லாதவர், மசக்கையிலோ பயணத்திலோ கடுமையாக வாந்தி எடுத்தவர் ஆகியோருக்குக் கீமோ வாந்தியும் கூடுதலாக வரும். நம் ஊர் நோயாளிகளில் பெரும்பாலான பெண்கள் இந்த வரையறைக்குள் வந்துவிடுவார்கள்.

கீமோ தொடங்குவதற்கு ஏறத்தாழ அரை மணி நேரம் முன்னதாக ஒன்டான்செட்ரானை டிரிப்ஸில் கலந்து 15 நிமிடத்தில் ஏற்றுவார்கள், அல்லது மாத்திரையாகத் தருவார்கள். வாந்தி வந்த பிறகு கொடுப்பதைவிட வருமுன் கொடுப்பது பலமடங்கு மேல். செரடோனின் கொட்டி ஏற்பியில் ஒட்டிவிட்ட பிறகு, அந்த இடத்தைப் பிடிப்பது மருந்துக்குக் கடினம். இதனோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேரும். அது சேர்ந்தால் பலன் கூடுகிறது. சர்க்கரை நோயுள்ளவருக்கு அந்த ஸ்டீராய்டால் இரண்டு மூன்று நாள் சர்க்கரை ஏறும், தூக்கமும் கெடும் என்பதை முன்கூட்டியே சொல்லி அனுப்புவது நல்லது.

முதல் 24 மணி நேரம் ஒன்டான்செட்ரானின் ஆட்சி. அதன்பின் ஐந்தாம் நாள் வரை வரும் வாந்தி வேறு ரகம். அதில் செரடோனினைவிட ‘சப்ஸ்டன்ஸ் பி’ என்ற பொருளின் பங்கு அதிகம். மருத்துவமனையில் ஒன்றும் இல்லாமல் நல்லபடியாக வீட்டுக்குப் போனவர் மூன்றாம் நாள் சோற்றைப் பார்த்தாலே ஓங்கரிப்பது இதனால்தான். ஒன்டான்செட்ரான் மாத்திரையைக் கூடுதலாக விழுங்குவதால் இங்கே பலன் சொற்பம், மலச்சிக்கல்தான் மிஞ்சும். சப்ஸ்டன்ஸ் பி-யின் ஏற்பியை அடைக்கும் அப்ரெப்பிடன்ட் 2003இல் அனுமதி பெற்றது. அதே ஆண்டில் வந்த பாலோனோசெட்ரான், ஒன்டான்செட்ரானின் தம்பி; ஒன்டான்செட்ரானின் அளவு உடலில் மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் பாதியாகக் குறையும் என்றால், இதற்கு ஏறத்தாழ 40 மணி நேரம் ஆகும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு குறை நின்றது. ஆஸ்திரேலிய ஆய்வை ஒன்டான்செட்ரான் வந்த பின் மறுபடி செய்தபோது வாந்தி முதலிடத்திலிருந்து இறங்கிவிட்டது. அந்த இடத்துக்குக் குமட்டல் வந்திருந்தது. வாந்தியை எண்ணலாம், குமட்டலை நோயாளி சொன்னால்தான் தெரியும். மருந்து முதலாவதில் வென்ற அளவுக்கு இரண்டாவதில் வெல்லவில்லை. மனநோய்க்குத் தரும் ஓலான்சபின் என்ற பழைய மருந்து இந்தக் குமட்டலை நன்றாகத் தணிக்கிறது என்பது 2016இல் அமெரிக்க ஆய்வில் உறுதியானது. ஆனால் 10 மி.கி. கொடுத்தால் நோயாளி பகல் முழுக்கத் தூங்கி வழிகிறார். மும்பை டாடா நினைவு மையம் 2.5 மி.கி. மட்டும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்து, 2024இல் லான்செட் ஆன்காலஜி இதழில் முடிவை வெளியிட்டது. வாந்தித் தடுப்பில் கால்பங்கு அளவு சற்றும் பின்தங்கவில்லை. கடும் தூக்கக் கலக்கமோ 40 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. விலை மலிந்த பழைய மருந்து ஒன்றின் அளவைக் குறைத்துக் காட்டும் ஆய்வுக்கு மருந்து நிறுவனங்கள் முன்வருவது அரிது. அந்த வேலையை இந்திய மருத்துவமனை ஒன்று செய்தது குறிப்பிடத்தக்கது.

மற்ற பயன்கள்

அறுவைக்குப் பின் வரும் குமட்டலுக்கு 4 மி.கி. ஊசி உலகெங்கும் வழக்கம். இந்தத் துறையில் ஓர் அவமானமும் உண்டு. ஜப்பானிய மயக்க மருத்துவர் யோஷிடகா ஃபுஜி எழுதிய ஆய்வுகளில் 172 புனையப்பட்டவை என்று 2012இல் அந்நாட்டு மயக்க மருத்துவச் சங்கம் கண்டறிந்தது. அவற்றுள் பல, இதே குடும்பத்தைச் சேர்ந்த கிரானிசெட்ரான் பற்றியவை. ஒன்டான்செட்ரானின் பயன் அவருடைய ஆய்வுகளை நம்பி நிற்கவில்லை.

குழந்தைகளின் வாந்தி பேதியில் மருந்து ஓ.ஆர்.எஸ். கரைசல்தான். கொடுத்ததையெல்லாம் குழந்தை கக்கிவிடும்போது ஒரே ஒரு வேளை ஒன்டான்செட்ரான் கொடுத்து, சற்றுப் பொறுத்துக் கரைசலைச் சிறு கரண்டியால் கொடுத்தால் உள்ளே நிற்கிறது. 2006இல் சிகாகோவில் 215 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், மருந்து பெற்றவர்களில் 14 சதவீதத்தினரும் பெறாதவர்களில் 35 சதவீதத்தினரும் வாந்தி எடுத்தார்கள். டிரிப்ஸ் ஏற்ற வேண்டி வந்தவர்களும் 31இலிருந்து 14 சதவீதமாகக் குறைந்தார்கள். பேதி மட்டும் சற்றே கூடியது. ஒரு வேளைக்குக் காட்டப்பட்ட பலனை வைத்து மூன்று நாளைக்கு மூன்று வேளை சிரப் கொடுப்பது அந்த ஆய்வு சொன்னதல்ல.

மசக்கைக்கு இதைக் கொடுக்கலாமா என்பது எளிதில் தீராத கேள்வி. கர்ப்பிணிகளின் குமட்டலுக்கு 1950களின் இறுதியில் விற்ற தாலிடோமைடால் உலகில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்தார்கள். 1961இல் அது திரும்பப் பெறப்பட்டது. அந்த அச்சம் பின்னால் நல்ல மருந்தையும் பாதித்தது. டாக்சிலமினும் பிரிடாக்சினும் சேர்ந்த மாத்திரை 1983இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டு, தீங்கில்லை என்று தெளிந்து, 2013இல்தான் திரும்பி வந்தது. இந்தியாவில் டாக்சினேட் என்ற பெயரில் அறியப்படும் அந்தக் கூட்டே மசக்கைக்கு முதல் மருந்து. ஒன்டான்செட்ரான் கர்ப்பத்துக்கு அனுமதி பெற்றதில்லை. மருந்துகளை ஒப்புதல் இல்லாத பயன்களுக்கு ஊக்குவித்ததாகக் கிளாக்ஸோஸ்மித்க்ளைன் மீது அமெரிக்க அரசு குற்றம் சுமத்தி, 2012இல் பெருந்தொகைக்குத் தீர்த்துக்கொண்ட வழக்கில் சோஃப்ரானும் இடம்பெற்றது. 2018இல் 18 லட்சம் கர்ப்பங்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வில், முதல் மூன்று மாதத்தில் இதை உட்கொண்டவர்களிடம் 10,000 பிறப்புக்குக் கூடுதலாக மூன்று குழந்தைகளுக்கு உதடு அல்லது அண்ணப் பிளவு காணப்பட்டது. இதயக் குறை கூடவில்லை. ஐரோப்பிய மருந்து முகமை 2019இல் முதல் மூன்று மாதத்தில் தவிர்க்கச் சொன்னது. தண்ணீர்கூடத் தங்காமல் மெலிந்து போகும் கர்ப்பிணிக்கு, மற்றவை பலிக்காதபோது, இந்தச் சிறு அபாயத்தை விளக்கிவிட்டு மருத்துவர்கள் தருகிறார்கள். காலையில் எழுந்ததும் சற்றே குமட்டுகிறது என்பவருக்கு இது தேவையில்லை.

படகுக்கும் மலைப்பாதைக்கும் வருவோம். அங்கே வேலை செய்வது ஹிஸ்டமினைத் தடுக்கும் பழைய மருந்துகள். பஸ் பயணத்துக்கு வாங்கும் அவோமின் அந்த இனம். கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். தூக்கமும் வாய் உலர்ச்சியும் கூடவே வரும் என்பதால் வண்டி ஓட்டுபவருக்கு ஆகாது. நாள்தோறும் கடலுக்குப் போகிறவர்களுக்கு உட்காது பழகிவிடுகிறது. அவர்களுக்கு மாத்திரையே வேண்டியிருப்பதில்லை.

பக்கவிளைவுகள்

அடிக்கடி வருபவை இரண்டு: தலைவலியும் மலச்சிக்கலும். தலைவலி பாராசிட்டமாலுக்கு அடங்கிவிடும். மலச்சிக்கல், மருந்து வேலை செய்கிறது என்பதன் மறுபக்கம். வாந்திச் செய்தியை அனுப்பும் அதே செரடோனின்தான் குடலை அசைக்கவும் செய்கிறது. ஏற்பியை அடைத்தால் இரண்டும் குறையும். வலிக்கு மார்ஃபின் எடுப்பவர்களும், வின்கிரிஸ்டின் ஏற்றும் இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளும் ஏற்கெனவே மலச்சிக்கலில் இருப்பவர்கள்; அவர்களுக்கு இது முக்கிய உபாதை. குடல் அடைப்பால் வரும் வாந்தியில் இந்த மாத்திரையைப் போட்டால் வாந்தி குறைந்து அடைப்பு மறைந்து நிற்கும் அபாயமும் உண்டு. வயிறு உப்பி, வாயுவும் மலமும் போகாமல் வாந்தி வருகிறவருக்கு வேண்டியது மருத்துவமனை.

ஊசியாக வேகமாக ஏற்றினால் முகம் சூடாகிச் சிவக்கும், சில நேரம் கண் சில நிமிடங்கள் மங்கும். மெதுவாக ஏற்றச் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான். தடிப்பு, மூச்சுத் திணறல் போன்ற ஒவ்வாமை அரிது. மருந்தைச் சிதைப்பது ஈரல் என்பதால், ஈரல் கடுமையாகக் கெட்டவருக்கு நாளுக்கு 8 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. மனச்சோர்வு மருந்து, டிரமடால் போன்றவற்றோடு சேர்ந்தால் செரடோனின் மிகுதியால் நடுக்கமும் காய்ச்சலும் குழப்பமும் வரலாம் என்ற எச்சரிக்கை உறையில் உண்டு. நடைமுறையில் மிக அரிது. பார்க்கின்சன் நோய்க்குத் தரும் அபோமார்ஃபினோடு மட்டும் கட்டாயம் சேர்க்கக் கூடாது. இரத்த அழுத்தம் கடுமையாக விழும்.

கவலைக்குரியது இதயம். ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயத் தசை மின் அளவில் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம், இசிஜி தாளில் க்யூடி இடைவெளியாகத் தெரியும். அது அளவுக்கு மேல் நீண்டால் துடிப்பு தாறுமாறாகி மயக்கமும், அரிதாக மரணமும் வரலாம். ஒன்டான்செட்ரான் அதைச் சற்று நீட்டுகிறது. எவ்வளவு என்பது அளவைப் பொறுத்தது: 8 மி.கி. ஊசியில் 6 மில்லி வினாடி, 32 மி.கி. ஊசியில் 20 மில்லி வினாடி. ஒரே வேளையில் 32 மி.கி. ஊசி கீமோவில் வழக்கமாக இருந்தது. 2012இல் அமெரிக்க மருந்து ஆணையம் அதை நிறுத்தி, ஒரு வேளை ஊசிக்கு 16 மி.கி.யே உச்சம் என்றது.

4 மி.கி. மாத்திரை ஒன்றை விழுங்கும் நலமான ஆளுக்கு இதில் பயப்பட எதுவும் இல்லை. ஆனால் இந்த மருந்து தேவைப்படுகிறவர் பெரும்பாலும் நலமான ஆள் அல்ல. நாலு முறை வாந்தி எடுத்தாலே இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும். பேதியும் சேர்ந்தால் இன்னும் இறங்கும். சிஸ்பிளாட்டின் சிறுநீரக வழியாக மக்னீசியத்தை வெளியேற்றிவிடும். இரண்டும் குறைந்தால் க்யூடி தானாகவே நீளும். அதன் மேல் ஒன்டான்செட்ரான். வாந்தி பேதிக்கு எழுதும் சீட்டில் ஓஃப்லாக்சசின் அல்லது அசித்ரோமைசின் கூடவே இருக்கும். அவையும் க்யூடியை நீட்டுபவை. வயதானவருக்கு ஏற்கெனவே இதய மருந்தோ மனநோய் மருந்தோ ஓடிக்கொண்டிருக்கும். தனித்தனியே பார்த்தால் எதுவும் பிழையில்லை; கூடினால் ஆபத்து. இதய நோயாளி, குடும்பத்தில் திடீர் மரணம் நேர்ந்தவர், அடிக்கடி மயங்கி விழுபவர் ஆகியோர் இதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். முதலில் இசிஜியும் இரத்த உப்புகளும் பார்ப்பார்கள்.

பழைய மருந்துகளின் பக்கவிளைவுகளை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். மெட்டோகுளோப்ரமைடு மூளைக்குள் டோபமினைத் தடுப்பதால், குறிப்பாகச் சிறுவர்களுக்கும் இளம் பெண்களுக்கும், கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், தாடை பூட்டிக்கொள்ளும், கண்விழி மேலே போய் நிற்கும். பார்ப்பவர் வலிப்பு என்றோ, பேய் பிடித்தது என்றோ நினைப்பார்கள். அதற்கான ஊசி ஒன்றில் அரை மணிக்குள் சரியாகிவிடும். நீண்ட நாள் எடுத்தால் வாயும் நாக்கும் தாமாக அசையும் நிலை வந்து நிரந்தரமாகவும் தங்கிவிடலாம். எனவேதான் ஐரோப்பிய முகமை 2013இல் ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம் என்றது. டோபமினைத் தடுக்கும் இன்னொரு மருந்தான ஸ்டெமெட்டிலைத் தலைசுற்றலுக்கு மாதக்கணக்கில் போடும் முதியவர்களுக்கு வரும் கை நடுக்கமும் விறைப்பும் இதே வகை. டோபமினைத் தடுக்கும் டோம்பெரிடோன் மூளைக்குள் அதிகம் நுழைவதில்லை, ஆகவே இழுப்பு அரிது. ஆனால் மூளையைக் காக்கும் இரத்தத் தடுப்புக்கு வெளியே இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியைத் தொடுவதால் மார்பில் பால் சுரக்கலாம், மாதவிலக்குத் தவறலாம். க்யூடியையும் நீட்டும். ஐரோப்பாவில் 2014 முதல் நாளுக்கு மூன்று முறை 10 மி.கி., ஒரு வாரத்துக்குள் என்று வரம்பு. நம் ஊரில் அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு சேர்த்த கேப்சூலாக, ‘கேஸ் மாத்திரை’ என்று வெறும் வயிற்றில் ஆண்டுக்கணக்கில் விழுங்கப்படுகிறது. ஒன்டான்செட்ரானைவிட இந்தப் பழக்கம்தான் அதிகம் கவலைப்பட வேண்டியது.

வாங்குவதும் போடுவதும்

ஒன்டான்செட்ரான், மெட்டோகுளோப்ரமைடு, டோம்பெரிடோன் எல்லாம் எச் அட்டவணையைச் சேர்ந்தவை. அட்டையின் ஓரத்தில் செங்குத்தான சிவப்புக் கோடு இருக்கும். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். ‘வாந்திக்கு ஒண்ணு குடுங்க’ என்றால் கிடைத்துவிடுவது நடைமுறை. அப்படி வாங்குகிறவர் கையில் வருவது ஒன்டான்செட்ரானா டோம்பெரிடோனா என்பது கடைக்காரர் கை எட்டும் தட்டைப் பொறுத்தது. மாத்திரையின் பெயரைக் கேட்டுக்கொள்வதும், வேறு என்னென்ன மருந்து ஓடுகிறது என்று சொல்வதும் குறைந்தபட்சம் செய்யக்கூடியவை.

நாக்கில் கரையும் மாத்திரையை மற்றவற்றைப் போல அட்டையிலிருந்து அழுத்தித் தள்ளினால் உடைந்து பொடியாகிவிடும். பின்தாளை உரித்து, ஈரமில்லாத விரலால் எடுத்து, நாக்கின் மேல் வைத்துக் கரைந்ததும் எச்சிலோடு விழுங்க வேண்டும். இது வாய்ச் சவ்வு வழியாக உறிஞ்சப்படுவதில்லை, குடலில்தான் உறிஞ்சப்படுகிறது. ஆகவே போட்ட சில நிமிடத்திலேயே கக்கிவிட்டால் மருந்தும் போய்விட்டது என்று பொருள். இனிப்புக்காக இதில் அஸ்பார்ட்டேம் சேர்ப்பதுண்டு; ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ள குழந்தைக்கு அது ஆகாது. வாந்தியில் இரத்தமோ பச்சைப் பித்தமோ வந்தாலும், கடும் தலைவலியோடு வந்தாலும், தலையில் அடிபட்ட பின் வந்தாலும், நெஞ்சு வலியோடு வியர்த்து வந்தாலும் மாத்திரை போட்டுக் காத்திருக்கலாகாது. நடுத்தர வயதுச் சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு சில நேரம் வெறும் குமட்டலாக மட்டுமே தெரியும்.

மருந்தால் தீங்கு நேர்ந்தால் பதிவு செய்ய, 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் காசியாபாதிலுள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையத்தின் கீழ் இயங்குகிறது. மருத்துவக் கல்லூரிகளில் அதன் மையங்கள் இருக்கின்றன. 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் மருத்துவர் மட்டுமல்லாமல் நோயாளியும் வீட்டாரும் தெரிவிக்கலாம். மருந்தின் பெயர், அளவு, போட்ட நேரம், கூடவே எடுத்த மற்ற மருந்துகள், என்ன நடந்தது என்பவற்றோடு, அட்டையில் அச்சிட்டிருக்கும் பேட்ச் எண்ணையும் கேட்பார்கள். மாத்திரை தீர்ந்தாலும் அட்டையை எறியாமல் வைத்திருக்க வேண்டியது அதற்காகத்தான்.